தணலில் சுட்ட மீன் உலர்ந்து வந்தது: தவறு கடையிலா, நான் கேட்ட விதத்திலா?

உப்புக்காற்று

அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தது. பெரிய விருந்து எதுவும் வேண்டாம், நெருப்பில் சுட்ட மீன் சாப்பிட்டால் போதும் என்று சொல்லியிருந்தார். கடல் உணவைத் தணலில் வாட்டித் தரும் எளிய கடை ஒன்றுக்கு எல்லோரும் போனோம். வாசலிலேயே கரி அடுப்பு, கம்பித் தட்டின்மேல் மீன்கள், பக்கத்தில் பனிக்கட்டிமேல் அடுக்கிய இறாலும் கணவாயும். பார்த்தவுடனே பசி எடுக்கும் இடம்.

நாங்கள் ஆறு பேர், அதில் இருவர் குழந்தைகள். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: இறால், கணவாய், இரண்டு வகை மீன் துண்டுகள், ஒரு நண்டு. குழந்தைகள் இருக்கிறார்களே என்ற கவலையில், “எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும்” என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னேன்.

நாற்பது நிமிடம் கழித்து அத்தனையும் ஒன்றாக வந்து மேசையை நிறைத்தன. இறாலை உரித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து முடிப்பதற்குள் மீன் ஆறிவிட்டது. ஆறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வாயில் வைத்தால் பஞ்சுபோல உலர்ந்து கிடந்தது. கணவாயை மெல்லவே முடியவில்லை. அப்பா ஒரு குறையும் சொல்லவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த மேசையில் இருவர் ஒரு முழு மீனைப் பங்கிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. சதை வெண்மையாக மினுங்கியது. அதே அடுப்பு, அதே சமையல்காரர். அவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? அடுத்த மாதம் அப்பாவை மறுபடியும் அழைத்துப் போக வேண்டும். எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தணலடி

வணக்கம். பதினோரு ஆண்டுகள் இப்படிப்பட்ட கடையின் அடுப்படியில் நின்றவன் நான். உங்கள் பதிவைப் படித்தபோது அந்தத் தட்டு என் கையிலிருந்தே போனதுபோல வருத்தமாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

“நன்றாக வெந்திருக்க வேண்டும்” என்ற சொல் அடுப்படிக்கு எப்படி வந்து சேரும் தெரியுமா? ‘வேகவில்லை என்று இந்த மேசையிலிருந்து தட்டு திரும்பி வரக்கூடாது’ என்றுதான் சேரும். உடனே சமையல்காரர் ஒவ்வொரு துண்டையும் தேவையைவிட மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக வைத்திருப்பார். இறைச்சிக்கு அது பெரிய நேரம் இல்லை. மீனுக்கு அது உயிர்போகும் நேரம்.

காரணம் மீனின் உடலமைப்பிலேயே இருக்கிறது. தரையில் நடக்கும் விலங்கு தன் எடையைத் தானே தாங்க வேண்டும். மீனைத் தண்ணீர் தாங்குகிறது. அதனால் அதன் தசையைக் கட்டிப்பிடித்திருக்கும் இணைப்புத் திசு மிகவும் மெல்லியது. குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். வெந்த மீன் ஏடு ஏடாகப் பிரிகிறதே, அந்த ஏடுகளுக்கு நடுவில் இருந்த சவ்வு கரைந்ததால்தான் பிரிகிறது. உள்சூடு 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரும்போது பெரும்பாலான மீன்கள் சாறோடு இருக்கும். 65ஐத் தாண்டினால் தசை சுருங்கிச் சாற்றை வெளியே பிழிந்து தள்ளும். நீங்கள் சாப்பிட்ட பஞ்சு அதுதான்.

பாதுகாப்புக்கு என்ன அளவு என்று கேட்பீர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீனுக்குச் சொல்வது 63 டிகிரி. குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள மேசைக்கு அந்த அளவையே நான் பிடிப்பேன். 63இல் எடுத்த மீன் உலர்ந்து போகாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்சூடு சிறிது ஏறும் என்பதை மனத்தில் வைத்துச் சற்று முன்பே இறக்குவதுதான் கைப்பழக்கம். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மொத்தம் பத்து நிமிடம் என்பது சமையல்காரர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. அது தொடக்கப் புள்ளி மட்டுமே. தணலின் வேகத்தைப் பொறுத்து மாறும்.

இனி, அடுத்த முறை என்ன செய்வது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள். முதலில் இறால் மட்டும், அது வந்து பாதி முடிந்ததும் மீன். ஆறு பேருக்கான ஐந்து வகையும் ஒன்றாக மேசைக்குப் போக வேண்டும் என்றால், நான்கு நிமிடத்தில் வெந்த இறால், இருபத்தைந்து நிமிடம் தேவைப்படும் நண்டுக்காக அடுப்போரத்தில் காத்திருக்கும். காத்திருக்கும் நேரமெல்லாம் அது வெந்துகொண்டேதான் இருக்கும். “நன்றாக வேக வேண்டும்” என்பதற்குப் பதிலாக, “நடுவில் பச்சை தெரியக்கூடாது, ஆனால் சாறு வற்றவும் கூடாது” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே, மேசையில் இருப்பவருக்கு மீன் தெரியும் என்று அடுப்படியில் நிற்பவர் நிமிர்ந்துவிடுவார்.

கணவாயைப் பற்றி இரவு எழுதுகிறேன், அது தனிக் கதை.


ஈரமணல்

தணலடி அண்ணா சொன்ன விவரங்கள் எல்லாம் சரி. ஆனால் அடிப்படையில் எனக்கு உடன்பாடு இல்லை. காசு கொடுத்துச் சாப்பிட வருபவர் மீனின் தசையமைப்பைப் படித்துவிட்டு வர வேண்டுமா? ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து நன்றாக வேக வேண்டும் என்று கேட்டால், அதன் பொருள் ‘பாதுகாப்பாக இருக்க வேண்டும்’ என்பதுதான். அதைப் புரிந்துகொண்டு பக்குவமாகச் செய்து தருவது சமையல்காரரின் கடமை. “ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு வரட்டுமா?” என்று பரிமாறுபவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த முதியவருக்கு நல்ல மீன் கிடைத்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்காதது கடையின் பிழை. இதில் உப்புக்காற்று தன்னையே நொந்துகொள்ள எதுவும் இல்லை.


உப்புக்காற்று

ஈரமணல், உங்கள் ஆறுதலுக்கு நன்றி. ஆனாலும் அடுத்த முறை நான் போகும் கடையிலும் அந்தக் கேள்வியைக் கேட்பார்களா என்பது என் கையில் இல்லையே. என் கையில் இருப்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா முழு மீன்தான் கேட்டார். முள்ளுக்குப் பயந்து நான்தான் துண்டாக மாற்றினேன்.


நடுமுள்

அதைத்தான் கேட்க வந்தேன்! நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்பா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

தணலில் மீன் சாப்பிடுவது என்றால் முழு மீன்தான் என்பது என் உறுதியான எண்ணம். தோலும் முள்ளும் தலையும் சேர்ந்து மீனுக்கு ஒரு வீடு. தோல் நெருப்பை நேரடியாகச் சதையில் படவிடாமல் தடுக்கிறது. சாறு உள்ளேயே நிற்கிறது. முள்ளும் சவ்வும் உள்ள இடத்தில் சதைக்குப் பிசுபிசுப்பான ஒரு மென்மை வரும். துண்டு போட்டால் வெட்டுப்பட்ட பக்கமெல்லாம் திறந்த வாசல். சாறு வழிந்து தணலில் விழுந்து ‘சுர்’ என்று போகும். அந்த ஓசை காதுக்கு இனிமையாக இருக்கும். போவது உங்கள் மீனின் சுவை.

முள் பயம் வேண்டாம். பெரிய மீனாகக் கேளுங்கள். மீன் பெரிதாக இருந்தால் முள்ளும் பெரிதாக இருக்கும், கண்ணுக்கும் விரலுக்கும் எளிதாக அகப்படும். மேசையில் பிரிக்கும் முறை இது: தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை, உடலின் நடுவே ஒரு கோடு ஓடுமே, அதன் வழியாகக் கரண்டியின் விளிம்பால் முள் தட்டுப்படும் வரை அழுத்திக் கீறுங்கள். மேல்பாதிச் சதையை முதுகுப்புறம் தள்ளுங்கள், கீழ்ப்பாதியை வயிற்றுப்புறம் தள்ளுங்கள். இரண்டும் தாமாகவே கழன்று வரும். வரவில்லை என்றால் மீன் இன்னும் வேகவில்லை, திருப்பிக் கொடுக்கலாம். இப்போது நடுமுள் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வாலைப் பிடித்து மெல்லத் தலைப்பக்கம் தூக்கினால் ஏணிபோல ஒரே துண்டாக எழுந்து வந்துவிடும். அடியில் இருக்கும் மறுபாதி முழுவதும் ஏறக்குறைய முள் இல்லாத சதை. குழந்தைகளுக்கு அதைக் கொடுங்கள். வயிற்றோரத்திலும் துடுப்புகளின் அடியிலும் சிறு முட்கள் இருக்கும், அந்தப் பகுதியைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன்பு விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கரண்டிக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும்.

தலையைத் தட்டோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கண்ணுக்குக் கீழே, செவுள் மூடிக்கு முன்னால், கன்னத்தில் ஒரு உருண்டைச் சதை இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். மீனிலேயே மிக மென்மையான இடம் அது. யாருக்கு அதைக் கொடுக்கிறோம் என்பதிலேயே அந்த மேசையில் யார்மீது யாருக்கு அன்பு என்று தெரிந்துவிடும்.


தணலடி

நடுமுள் எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். முழு மீனுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள். அவசரப்படுத்தினால் மீனைத் தணலின் நடுவுக்கு நகர்த்துவோம். வெளியே கருகும், முள்ளோரம் பச்சையாக நிற்கும்.

கணவாய்க்கு வருகிறேன். கணவாயின் தசைநார்கள் மீனைப்போல ஏடு ஏடாக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. இணைப்புத் திசுவும் மீனைவிட அதிகம். கடும் தணலில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டி எடுத்தால் அந்தத் திசு சுருங்கும் முன்பே சாப்பிடத் தயாராகிவிடும். மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வெந்தால் திசு கரைந்து மறுபடியும் மிருதுவாகும். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் ரப்பர்தான். கடைகளில் நடப்பது அந்த நடுப்பகுதி. அதனால் கணவாயைக் கடைசியாகக் கேளுங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில், வந்தவுடன் சாப்பிட ஆயத்தமாக இருக்கும்போது.

இறாலுக்கு வடிவமே அடையாளம். வளைந்து பாதி வட்டமாக இருந்தால் பதம். தலையும் வாலும் முட்டி முழு வட்டமாகச் சுருண்டிருந்தால் நேரம் கடந்துவிட்டது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இறாலின் ஓட்டில் உள்ள செந்நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால்தான் பச்சையாக இருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் பிணைப்பு விட்டுச் சிவப்பு வெளிப்படும். ஓடு சிவந்த அந்தக் கணத்தில் உள்ளே வெந்திருக்க வேண்டும் என்று இல்லை.

ஈரமணல், கடமை பற்றி நீங்கள் சொன்னது நியாயம். கூட்ட நேரத்தில் நாற்பது மேசைக்கு ஒருவன் நிற்கும்போது எல்லாக் கடமையும் நிறைவேறுவதில்லை. அதனால் சமைப்பவன் செய்தது சரியாகிவிடாது.


வெள்ளலை

எடை விஷயத்தை யாரும் பேசவில்லையே. முழு மீன் என்றால் பெரும்பாலும் எடைக்குத்தான் விலை. உணவுப் பட்டியலில் ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருக்கும். கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். இன்று என்ன விலை? எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பா, பிறகா? இந்த மீன் மொத்தம் எவ்வளவு வரும்? மீனை உங்கள் கண்முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தலை, முள், குடல் எல்லாம் போனால் சாப்பிடும் சதை முழு எடையில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். இது தெரியாமல் ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று கணக்குப் போட்டால் மீனும் போதாது, பணமும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகும்.

முழு மீனுக்கு என் தரப்பிலிருந்து இன்னொரு காரணம்: அது என்ன மீன் என்று உங்களுக்குத் தெரியும். தோல் உரித்துத் துண்டு போட்ட வெள்ளைச் சதைக்கு எந்தப் பெயரையும் சூட்டலாம். கடல் பாதுகாப்புக்காக இயங்கும் ஓஷியானா அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவில் கடைகளிலும் உணவகங்களிலும் 1,215 மாதிரிகளைச் சேகரித்து மரபணுச் சோதனை செய்தது. 2013இல் முடிவை வெளியிட்டபோது, சோதித்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு வேறு பெயரில் விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தலையோடு கிடக்கும் மீனில் இந்த ஏமாற்று எளிதல்ல.

புதியதா என்று பார்க்கவும் தலை வேண்டும். கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். குழிந்து பால்போல மங்கியிருக்கக் கூடாது. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக அல்ல. விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் நிமிர வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் கடல் மணக்க வேண்டும், கவுச்சி அல்ல.


கரையோரம்

உறைய வைத்த மீன் என்று தெரிந்தால் எழுந்து வந்துவிடலாமா? எங்கள் வீட்டில் இதை வைத்து ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் நடக்கிறது.


தணலடி

வேண்டாம், உட்காருங்கள். பிடித்த சில மணி நேரத்தில் கடுங்குளிரில் உறையவைத்த மீன், பனிக்கட்டியில் ஐந்து நாள் சுற்றி வந்த ‘புதிய’ மீனைவிட நல்லது. உறையவைத்ததை மெல்ல, குளிர்பெட்டியிலேயே இளக்கினார்களா என்பதுதான் கேள்வி. வெந்நீரில் அவசரமாக இளக்கினால் சாறு முழுவதும் தண்ணீரோடு போய்விடும். மேலும் சில மீன்களில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்களை, கழித்தல் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைப்பது கொன்றுவிடும். நடுவில் சற்றுப் பச்சையாகச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு.

கவுச்சி பற்றி வெள்ளலை சொன்னார். கடல் மீனின் தசையில் இயல்பாக உள்ள ஒரு சேர்மத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது டிரைமெதிலமின் உண்டாகிறது; அந்த வாடைதான் அது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அமிலம் அதைக் காற்றில் எழாமல் கட்டிவிடும். ஆகவே மீன் மேசைக்கு வந்ததும், பிழியும் முன்பு ஒருமுறை முகர்ந்து பாருங்கள். எலுமிச்சையில் குளித்து வரும் மீனைக் கண்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.


ஈரமணல்

இந்த ஒரு விஷயத்தில் அண்ணாவோடு முழுவதும் சேர்ந்துகொள்கிறேன். எலுமிச்சை மட்டுமல்ல, மேலே ஊற்றிவரும் குழம்பான சாஸ்களும் எனக்குப் பிடிப்பதில்லை. நல்ல மீனுக்கு உப்பு, கொஞ்சம் எண்ணெய், தணல் போதும். இனிப்புச் சாஸ் தடவிய மீனைத் தொடக்கத்திலிருந்தே நெருப்பில் வைத்தால் சர்க்கரை மட்டும் கருகிக் கசக்கும், மீன் வேகாது. எல்லாவற்றையும் தனிக் கிண்ணத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். வேண்டியவர் தொட்டுக்கொள்ளட்டும்.


நடுமுள்

ஈரமணல், ‘உப்பு மட்டும் போதும்’ என்பதை எல்லா மீனுக்கும் சொல்ல முடியாது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அவற்றின் கொழுப்பே அவற்றுக்கு மசாலா. ஆனால் கொழுப்பில்லாத வெள்ளை மீனுக்குக் காரமும் புளிப்பும் துணை நிற்கின்றன. ஊறவைப்பதும் குற்றமில்லை, புளிப்பில் நெடுநேரம் ஊறவைப்பதுதான் குற்றம். அமிலத்தில் கிடந்த சதை நெருப்பைப் பார்க்கும் முன்பே வெந்ததுபோல் வெளுத்து, தணலில் வைத்ததும் உதிர்ந்துவிடும்.

வளர்ப்பு மீன் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் மீன், இறால் போன்ற நீர்வாழ் விலங்குகளின் உற்பத்தியில் வளர்ப்பு முதன்முறையாகப் பிடிப்பை மிஞ்சியது. நம் தட்டில் இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று வளர்ப்புதான். பொதுவாக வளர்ப்பு மீனில் கொழுப்புச் சற்று அதிகம் என்பதால் தணலில் அது எளிதில் உலராது. குழந்தைகளோடு போகும் மேசைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வேன்.


மழைக்குடை

இதுவரை யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகளுக்கு இறாலும் நண்டும் ஒவ்வாது. ஒருமுறை இப்படிப்பட்ட கடையில் அவளுக்கு வெறும் மீன்தான் வாங்கினோம். பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு. மருத்துவமனைக்கு ஓடினோம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள். பிறகு விசாரித்தபோது தெரிந்தது, இறாலை வாட்டிய அதே கம்பித் தட்டில், அதே இடுக்கியால்தான் அவளுடைய மீனையும் வாட்டியிருந்தார்கள்.

நெருப்பில் எல்லாம் எரிந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. ஓட்டுடலிகளில் ஒவ்வாமையை உண்டாக்கும் முதன்மையான புரதம் டிரோபோமயோசின். சமையல் சூட்டில் அது அழிவதில்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்தால், உட்காரும் முன்பே சொல்லுங்கள். தனித் தட்டு, தனி இடுக்கி, தனித் தூரிகை உண்டா என்று கேளுங்கள். “பார்த்துக்கொள்கிறோம்” என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எப்படி என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். அவசர மருந்து கையில் இல்லாமல் நாங்கள் இப்போது எங்கும் போவதில்லை.


வெள்ளலை

மழைக்குடை, படிக்கும்போதே நெஞ்சு பதறியது. குழந்தை நலமாக இருக்கிறாள் என்பதில் நிம்மதி.

இதோடு சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. ஒவ்வாமை இல்லாதவருக்கும் அதே மாதிரி முகம் சிவந்து, வாய் எரிந்து, தலைவலி வரலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் பிடித்த பிறகு குளிரில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும்; இந்த அறிகுறிகளுக்குக் காரணம் அதுதான். வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. முதல் வாயிலேயே மிளகு கடித்ததுபோல நாக்கு சுரீரென்றால், மேலே சாப்பிடாதீர்கள். மேசையில் உள்ள மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். மரியாதை பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல.


அலைமகள்

நான் ஆறு மாதக் கர்ப்பிணி. சுட்ட மீன் மீது ஆசையாக இருக்கிறது. போகலாமா?


மழைக்குடை

போகலாம் அம்மா. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம்; கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. மத்தி, சால்மன், இறால் எல்லாம் பாதரசம் குறைந்தவை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிடலாம் என்பது அவர்களின் அறிவுரை. முழுவதும் வெந்ததையே சாப்பிடுங்கள். பச்சைச் சிப்பி வேண்டவே வேண்டாம். ஆசையை அடக்காதீர்கள், நல்லபடியாகச் சாப்பிட்டு வாருங்கள்.


கரையோரம்

மேலே கருகிய பகுதியைச் சாப்பிடுவது கெடுதல் என்கிறார்கள். அந்தக் கருகல்தானே சுவை?


தணலடி

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பொன்னிறத்திலிருந்து ஆழ்ந்த பழுப்பு வரை உள்ளதுதான் சுவை. மேற்பரப்பின் ஈரம் வற்றி, சூடு 140 டிகிரியை ஒட்டி ஏறும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்த மணம் பிறக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அந்த வினை வழங்குகிறது. கரிக்கறுப்பு என்பது அதைத் தாண்டிய நிலை. அதில் கசப்பைத் தவிர ஒன்றும் இல்லை. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருக்கின்றன; அவை மீன்மேல் படிகின்றன. எப்போதாவது போகிறவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. கறுத்த பகுதியை ஒதுக்கிவிடுங்கள், போதும். நெருப்பு கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் மீனை வைக்கும் கடையை விட்டு, சாம்பல் பூத்த தணலுக்காகக் காத்திருக்கும் கடைக்குப் போங்கள். வாசலில் நின்று இரண்டு நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளம், தோல். கம்பி நன்றாகக் காய்ந்து, மீனின் ஈரம் துடைக்கப்பட்டிருந்தால், வெந்த பக்கம் தானாகக் கம்பியை விடும். பொறுமையில்லாமல் முன்பே பெயர்த்தால் தோல் கம்பியோடு போகும். தட்டில் வந்த மீனின் தோல் முழுதாக இருந்தால், அடுப்படியில் பொறுமையான ஒருவர் நிற்கிறார் என்று பொருள்.


உப்புக்காற்று

மூன்று வாரம் கழித்து மறுபடியும் எழுதுகிறேன். நேற்று போய்வந்தோம். அதே கடைக்குத்தான். அப்பாதான் அங்கேயே போகலாம் என்றார்.

வார நாளில், கூட்டம் சேரும் முன்பே போய் அடுப்புக்கு அருகில் உள்ள மேசையைக் கேட்டு வாங்கினோம். புகை கொஞ்சம் கண்ணை உறுத்தியது. ஆனால் தட்டு அடுப்பிலிருந்து எங்களிடம் வர ஐந்தே அடி. அப்பாவே பனிக்கட்டிப் பெட்டிக்குப் போய், கண்ணையும் செவுளையும் பார்த்து, ஒரு பெரிய கொடுவாவைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் முன்னாலேயே எடை போட்டார்கள், விலையைச் சொன்னார்கள். தணலடி அண்ணா சொல்லித் தந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அடுப்படியில் நின்றவர் திரும்பிப் பார்த்து, “சாறு வற்றாது, அதற்கு நான் பொறுப்பு” என்றார்.

முதலில் இறால் மட்டும் வந்தது. பாதி வட்டமாகத்தான் இருந்தது. அதை உரித்துச் சாப்பிட்டு முடிக்கவும் மீன் வரவும் சரியாக இருந்தது. தோல் ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை. நடுமுள் எழுதியபடி கோடு கீறி, இரண்டு பக்கமும் தள்ளி, வாலைப் பிடித்துத் தூக்கினேன். முள் ஏணிபோல எழுந்தபோது குழந்தைகள் இருவரும் கைதட்டினார்கள். அடிப்பாதி முழுவதும் அவர்களுக்கே போனது.

கன்னத்துச் சதையை அப்பாவின் தட்டில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து என் மகளுக்கு ஊட்டினார். மற்றொன்றை என் தட்டுக்கே திருப்பி வைத்தார். எழுதும்போது இப்போதும் கண் கலங்குகிறது.

கணவாய் மட்டும் இந்த முறையும் கடினமாகவே வந்தது. முன்பு என்றால் பேசாமல் விட்டிருப்பேன். இம்முறை அழைத்து, கடும் தணலில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் போதும் என்று பணிவாகச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வேறொன்று செய்து கொண்டுவந்தார்கள். இரண்டாவது தட்டு மிருதுவாக இருந்தது.

அடுத்த முறை மத்தி சாப்பிட வேண்டும் என்கிறார் அப்பா. மத்தியில் முள் பொடிப்பொடியாக இருக்குமே, குழந்தைகளுக்கு எப்படிக் கொடுப்பது?


நடுமுள்

படித்து முடித்ததும் என் அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். உங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றார்.

மத்தி நல்ல தேர்வு. சூடாக இருக்கும்போதே தலையையும் வாலையும் பிடித்து, முதுகை மேலிருந்து மெல்ல அழுத்திவிட்டு விரித்தால், நடுமுள்ளோடு பெரும்பாலான முட்கள் வந்துவிடும். ஆறினால் வராது. ஒரு நேரத்தில் நான்குக்கு மேல் கேட்காதீர்கள். சிறிய குழந்தைக்கு எத்தனை வயது?


உப்புக்காற்று

ஐந்து.


நடுமுள்

அப்படியென்றால் சிறியவளுக்கு இந்த முறையும் பெரிய மீனே வாங்குங்கள். மத்தி அப்பாவுக்கும் உங்களுக்கும்.